பாலத்தின் பின்பக்கம்

திருச்செங்கோடு பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த குமாரபாளையத்துத் தறிக்காரர், பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னார்: "லண்டன் பாலத்தை நாந்தானுங்க காப்பாத்துனேன்."

"ஏனுங்க, நீங்க எப்ப அங்க போனீங்க?"

"போகலீங்க. எம்புள்ள அங்க மியூசியத்துல வேலை. நூத்தம்பது வருசத்துக்கு முந்தி ஒரு ஓவியர் அந்தப் பாலத்தைத் துணியில எண்ணெய்ச் சாயத்துல வரைஞ்சிருக்காரு. அந்தப் படம் போலின்னு மியூசியத்துப் பெரியவங்க அத்தனை பேரும் சொல்ல, இவ ஒருத்தி மட்டும் இல்லைன்னு நின்னிருக்கா. அவரோட இன்னொரு படத்துத் துணியையும் இதையும் போட்டோ புடிச்சு எனக்கு அனுப்புனா. இழை எண்ணிப் பார்த்தனுங்க. ரெண்டும் ஒரே பாவுல ஓடுன துணி, ஒரே சுருள்ல வெட்டுனதுங்க! நேத்துத்தான் அவ சொன்னதை ஒத்துக்கிட்டாங்க."

"அடேங்கப்பா! பாலம் எப்படீங்க இருக்குது?"

"அதை யாருங்க பார்த்தா? அவ அனுப்புனது படத்தோட பின்பக்கமுங்க."