கடைசி ஆளையும் அனுப்பிவைத்த ஆயருக்கு

கிளிநொச்சி வாய்க்காற்கரைச் சபையின் போதகர் திரு. வீரபாகு அவர்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், சபையார் வாசித்தளிக்கும் மடல்

வன்னி மண்ணில் வசனம் விதைத்த வித்தகரே! வெயிலும் வெள்ளமும் பாராது வீடு வீடாய் நடந்த விசுவாச வீரரே! பிறர் போட்ட அத்திபாரத்தில் கட்டாமல், பாதையில்லா ஊர்களில் புதிதாய்க் கல்நாட்டிய பெருந்தகையே! பசித்தவர் முன் பிரசங்கத்தைச் சுருக்கத் தெரிந்த பண்பாளரே! உங்களை வாழ்த்தி வழியனுப்ப வந்து நிற்கிறோம். வாழ்த்த மனமிருக்கிறது. வழியனுப்ப மனமில்லை.

அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போக எங்களுக்கும் தெரியும். தமிழ் படிப்பிக்கிறவர் என்பதால் சபைச் செயலாளர் அருந்ததியிடம் இந்த மடலை எழுதச் சொன்னோம். அவரும் ஒரு தாள் நிறைய அலங்காரமாக எழுதிக்கொண்டு வந்தார். வாசித்துப் பார்த்தால் அது எந்தப் போதகருக்கும் பொருந்தும். உங்களைப் பற்றி எழுதுவதானால் எங்கள் மனக்குறையையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும் என்று சபை கூடி முடிவெடுத்தது. ஆகவே இதில் பாராட்டும் உண்டு, முறைப்பாடும் உண்டு. இரண்டும் அன்பினால் வந்தவை.

மலையகத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் துரத்தப்பட்டு, பெற்றோரின் கைபிடித்துச் செட்டிகுளத்துக்கு வந்து, காடு வெட்டின காணியில் வளர்ந்தவர் நீங்கள். ஞானஸ்நானம் பெற்றபோது வேதாகமப் பெயரொன்று வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். முருகனுடைய படைத்தளபதியின் பெயரோடு எப்படி ஊழியம் செய்வது என்று கேட்டார்களாம். "பேர மாத்திட்டா எங்க அம்மா என்னைய எப்புடிக் கூப்பிடும்?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். அந்தத் தாயார் கடைசிவரை திருநீறு பூசினவர். கடைசிவரை உங்களை வீரபாகு என்றே அழைத்தவர்.

எங்களில் பாதிப்பேர் குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டக் காணிக்கு வந்த குடும்பங்கள். உங்கள் வீட்டில் தேநீர் வாங்கிக் குடிக்கத் தயங்கியவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். நீங்கள் யாரையும் பெயர் சொல்லி வெட்கப்படுத்தவில்லை. அந்தியோகியாவிலே யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் இருந்த பேதுரு, தன் ஊர் ஆட்கள் வருவதைக் கண்டதும் மெல்ல விலகிக்கொண்டதையும், பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்ததையும் வேதாகமத்திலிருந்து வாசித்தீர்கள். வாசித்துவிட்டு, உங்கள் துணைவியார் சிவலட்சுமி அம்மா ஒரே பானையில் ஆக்கியிருந்த சோற்றை எல்லோருக்கும் பரிமாறச் சொன்னீர்கள். அன்று எழும்பிப் போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் பிறகு உங்கள் குசினிக்குள்ளேயே நின்று சமைத்தார்கள்.

சபை என்றால் என்னவென்று உங்களால்தான் அறிந்தோம். கட்டடத்தைச் சபை என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் தைத்த வீட்டிலேயே சபை கூடியதென்று சொல்லிச் சொல்லி, தகரக் கொட்டகையிலும் மாமரத்தடியிலும் எங்களைக் கூட்டினீர்கள். பவுல் கிரேத்தா தீவில் தீத்துவை விட்டுவந்தது ஊர்தோறும் மூப்பரை ஏற்படுத்தத்தானே என்று கேட்டு, ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர் ஆளையே மேய்ப்பனாக்கப் பாடுபட்டீர்கள். ஒரு சபை சுகமாயிருக்கிறதா என்று அறிய ஆட்களை எண்ணக்கூடாது என்பீர்கள். நோயாளியைப் பார்க்க ஆள் போகிறதா, சண்டை பிடித்தவர்கள் சமாதானமாகித் திருவிருந்துக்கு வருகிறார்களா, எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னிடமுள்ள நல்ல ஆளை இன்னோர் ஊருக்குக் கொடுக்க அதற்கு மனம் வருகிறதா என்றுதான் பார்க்கவேண்டும் என்பீர்கள்.

அந்த மூன்றாவதில்தான் எங்கள் துன்பமெல்லாம் தொடங்கியது, ஐயா. அந்தியோகியாச் சபை மிச்சம்மீதியை அனுப்பவில்லை, பர்னபாவையும் பவுலையும் அனுப்பியது என்று நீங்கள் சொன்னபோது நாங்களும் ஆமென் சொன்னோம். ஆமென் சொல்வது சுகம். பிறகு ஒவ்வொரு குடும்பமாகப் போகத் தொடங்கியது. நன்றாகப் பாடுகிறவர்கள் முறிகண்டிப் பக்கம் போனார்கள். நன்றாகப் படிப்பிக்கிறவர்கள் விசுவமடுவுக்குப் போனார்கள். ஆண்டவருக்குக் கொடுப்பதென்றால் முதற்பலனைக் கொடு என்றீர்கள்; எங்களுக்குப் பதர்தான் மிஞ்சுமோ என்று வாய்க்காற்கரையில் இருந்தவர்கள் முணுமுணுத்தோம்.

ஆனாலும் யாரையும் வற்புறுத்தி அனுப்பினவர் அல்ல நீங்கள். உங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. அனுப்பப்படுகிறவர் நடுவில் முழங்காலில் நிற்பார். பிள்ளைகள் முதல் முதியவர்வரை சபையிலுள்ள அத்தனைபேரும் ஒவ்வொருவராக வந்து அவர்மேல் கை வைக்கவேண்டும். ஒரு கை வராவிட்டாலும் அனுப்புதல் இல்லை. கை வைத்தவன் தான் அனுப்பியவனை மறக்கமாட்டான், அவனுக்கு வருத்தம் வந்தால் ஓடுவான் என்பது உங்கள் நம்பிக்கை.

பலன் என்ன என்று கேட்டால் சொல்ல நா எழவில்லை. முறிகண்டிப் பக்கம் தொடங்கிய சபை, அதை நடத்திய குடும்பம் பிரான்சுக்குப் போனதோடு போய்விட்டது. இன்னோரிடத்தில் மூப்பரே கனடாவுக்குப் போனார். போகிறவர்களை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. போகக் கிடைத்தால் எங்களில் எத்தனைபேர் நிற்போம் என்று எங்களுக்கே தெரியாது. விசுவமடுவில் மட்டும் சிலர் இன்னும் கூடுகிறார்கள். உடையார்கட்டில் சிவராசா மூப்பர் ஒரு சிறு கூட்டத்தைக் கட்டிக்காத்தார். நட்டவன் ஒருவன், தண்ணீர் பாய்ச்சுகிறவன் ஒருவன், விளையச் செய்கிறவர் தேவன் என்று நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள். வயல் செய்கிறவர்கள் நாங்கள். விதைத்தது அழியும்போது அந்த வசனம் வயிற்றை நிரப்பவில்லை, ஐயா.

உங்களுக்கும் வயதேறியது. நீரிழிவென்னும் சீனி வருத்தம் கண்ணைப் பிடித்தது. ஓய்வு நாள் வருகிறதென்று தெரிந்ததும் தலைமையகத்தாரிடம் கேட்டுப்பார்த்தோம். அனுப்பப் போதகர் யாருமில்லை, உங்களுக்குள்ளேயே ஒருவரைத் தேடுங்கள், இல்லாவிட்டால் சபையை மூடிவிட்டு வவுனியாவோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. வவுனியாவுக்கு ஞாயிறுதோறும் பஸ் ஏற இங்கே யாரால் முடியும்? அந்தக் கலக்கத்திலும் எங்களுக்கொரு தைரியம் இருந்தது. அதுதான் நிரோஜன்.

நிரோஜன் உங்கள் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தே வேதம் படித்தவர். நோயாளி வீடானாலும் சாவீடானாலும் உங்களோடு வந்து நின்றவர். பேச்சுக் கொஞ்சம் திக்கும். ஆனால் அழுகிறவர் பக்கத்தில் பேசாமல் இருக்கத் தெரிந்தவர். உங்களுக்குப் பிறகு அவர்தான் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். அவருடைய மனைவி யதுர்ஷிகாவும் கொட்டகைக்கு முன்னால் பூக்கன்று நட்டிருந்தார். நாங்கள் நிம்மதியாக நித்திரை கொண்டோம்.

அப்போதுதான் சிவராசா மூப்பர் காலமானார். உடையார்கட்டுக்கு மேய்ப்பன் இல்லாமற்போனது. யாழ்ப்பாணத்தில் கண் சத்திரசிகிச்சை முடிந்து திரும்பிவந்த ஞாயிறு நீங்கள் அப்போஸ்தலர் நடபடிகளைத் திறந்தபோதே எங்களுக்கு விளங்கிவிட்டது. அந்தியோகியாவை வாசித்தீர்கள். நிரோஜனை எழும்பச் சொன்னீர்கள். அவர் எழும்பி, முகம் வெளிறி, முழங்காலில் நின்றார்.

ஒவ்வொருவராகப் போய்க் கை வைத்தோம். வேறென்ன செய்வது? உங்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எங்களில் யாருக்கும் துணிவில்லை. விமலேஸ்வரி அக்கா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இறுதிப் போரின்போது மகனைத் தொலைத்த தாய் அவர். அவனுடைய படத்தோடு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கூடியிருக்கும் வீதியோரக் கொட்டிலில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவர். நீங்கள் அவரருகே போனீர்கள்.

"நான் ஒருக்கால் போயிட்டு வா எண்டு சொல்லி அனுப்பினனான், பாஸ்டர். இன்னும் வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிறன். இனி ஒருத்தரையும் அனுப்பமாட்டன்" என்றார்.

நீங்கள் வேதாகமத்தை மூடினீர்கள். நிரோஜனைக் கைபிடித்து எழுப்பிவிட்டீர்கள். அந்த ஞாயிறும் அடுத்தடுத்த ஞாயிறுகளும் அதைப் பற்றிப் பேசவேயில்லை. விமலேஸ்வரி அக்காவைத் தனியே கூப்பிட்டு மனம் திருப்பவும் முயலவில்லை. நாங்களோ வெளியில் அவரைக் கடிந்துகொண்டோம். உள்ளுக்குள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டோம். எங்கள் மேய்ப்பனை எங்களிடமே வைத்திருந்தது அவருடைய அந்தக் கைதான்.

அப்படியே போயிருக்கும். உடையார்கட்டுச் சபையாரில் ஒருவரான பிரேமிளா ஒரு ஞாயிறு பஸ் பிடித்து வந்தார். சிவராசா மூப்பரின் சாவீட்டில் நடந்ததை அன்றுதான் முழுக்கச் சொன்னார். நீங்கள் கண் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணத்தில் படுத்திருந்த நேரம் அது. அடக்கம் செய்ய அங்கே ஆளில்லை. எங்களுக்கும் எல்லாம் முடிந்த பிறகுதான் செய்தி வந்தது. மூப்பரின் உறவினர்கள் வந்து தங்கள் சைவ முறைப்படி எல்லாம் செய்து சுடலைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் தங்கள் கடனைச் செய்தார்கள். சபையார் வேலிக்கு வெளியே நின்றார்களாம். பாட்டுத் தொடங்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லையாம்.

"எங்களிலை எவ்வளவு பேரை அடக்கம் பண்ணின மனிசன். அவருக்கு ஒரு ஜெபம் சொல்லி அனுப்ப எங்களிட்டை ஒராள் இல்லை" என்று பிரேமிளா சொன்னார்.

விமலேஸ்வரி அக்கா எழும்பினார். யாரும் கூப்பிடவில்லை. நேரே நிரோஜனிடம் போனார். நிரோஜன் அவசரமாக முழங்காலில் நின்றார். அக்கா அவருடைய தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்ன ஜெபித்தார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கையை எடுத்ததும், வழக்கப்படி, போயிட்டு வாறன் அம்மா என்று நிரோஜன் சொன்னார்.

"வாறன் எண்டு சொல்லாதை மோனை. அங்கையே இரு. அந்தச் சனத்தைத் தனிய விட்டிட்டு வந்திடாதை" என்றார் அக்கா.

நல்ல வழிக்குப் போகிறவரைப் பார்த்து வராதே என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. போகிறேன் என்றே சொல்லக்கூடாதென்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அதுவும் அந்தத் தாயின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோது, ஐயா, நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். இத்தனை காலத்தில் உங்கள் அழுகையை நாங்கள் கண்டது அன்றுதான்.

நிரோஜனும் யதுர்ஷிகாவும் போய்விட்டார்கள். இன்று நீங்களும் செட்டிகுளத்துக்குப் போகிறீர்கள். அடுத்த ஞாயிறு கொட்டகையைத் திறக்க ஆளுண்டு. வேதத்தைத் திறந்து பேச ஆளில்லை. ஆகவே எங்கள் முறைப்பாட்டை உங்கள் முன்னிலையிலேயே வைக்கிறோம். அந்தியோகியாவில் போதகர்கள் ஐந்துபேர் இருந்ததாக அதே அதிகாரம் சொல்கிறது. இருவரை அனுப்பினால் மூவர் மிஞ்சுவார்கள். எங்களிடம் இருந்தவர் ஒருவர். இதை உங்களிடம் கேட்டபோது, பஞ்சகாலத்தில் கடைசி மாவையும் தீர்க்கதரிசிக்குச் சுட்டுக்கொடுத்த சாறிபாத் ஊர் விதவையை நினைவூட்டினீர்கள். "அந்தம்மாகிட்டயும் ஒரு பிடி மாவுதான் இருந்துச்சு" என்றீர்கள். அவருடைய பானை வற்றவில்லை, ஐயா. எங்கள் பானை வற்றிவிட்டது. அடியைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் உங்களை நேசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தனக்கென்று எதையும் பிடித்து வைத்திராத மனிதரிடம், எங்களுக்காக ஒன்றையாவது பிடித்து வைத்திருக்கக்கூடாதா என்று கேட்பது நியாயமா அநியாயமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை. நீங்கள் படிப்பித்தது உண்மையென்றால், தன்னிடமிருந்த நல்ல ஆளைக் கொடுத்த சபை சுகமான சபை. சுகமான சபையும் செத்துப்போகுமா என்பதை நீங்கள் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை.

அருமைப் போதகரே! அன்பின் ஆயரே! மடலின் கடைசியில் வாழ்த்துவது முறை. உங்கள் கண் தெளியட்டும். கால் புண் ஆறட்டும். செட்டிகுளத்து வீட்டில் சிவலட்சுமி அம்மாவோடு சாய்வு கதிரையில் இருந்து, ஒருவர் வீட்டுக்கும் ஓடவேண்டிய அவசரமில்லாமல் ஆறுதலாகச் சோறு உண்ணுங்கள். அதோடு நீண்டகாலம் உயிரோடும் இருங்கள். இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. விதைத்ததில் எது முளைத்தது, எது பட்டுப்போனது என்று பார்க்க யாராவது ஒருவர் மிஞ்சவேண்டும். இந்தக் கொட்டகையில் யார் மிஞ்சுவோமென்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் இருந்து பாருங்கள், ஐயா. உடையார்கட்டில் முளைத்தால், நாங்கள் எந்த ஊரில் சிதறிக் கிடந்தாலும் தேடிப்பிடித்து எங்களுக்கும் சொல்லியனுப்புங்கள்.

இங்ஙனம்,
இன்றுவரை கூடிவருகிற
வாய்க்காற்கரைச் சபையார்,
கிளிநொச்சி.