தகடு அடைக்காது

விசாரணை முடியும்வரை ஜன்னல் திறந்தே இருக்கட்டும் ஐயா. அடைத்த அறையில் எனக்குப் பேச்சு வராது.

எங்களுடையது அமில ஆலை. மிஞ்சும் வாயு புகைபோக்கி வழியாக வெளியேறும்போது அமிலத் துளிகளையும் தூக்கிக்கொண்டு போகும். அவற்றைப் பிடித்து நிறுத்த ஒரு கருவி வேண்டும். எதைப் போடுவது என்று முடிவு செய்கிற வேலை என்னுடையது.

இரண்டு வகை இருந்தன. ஒன்று, நெளிந்த தகடுகளின் அடுக்கு. வாயு வளைந்து நெளிந்து போய்விடும். துளி திரும்பத் தெரியாமல் தகட்டில் மோதி வழிந்துவிடும். பெரிய துளி சிக்கும், பனிபோல் சன்னமானது தப்பிவிடும். மற்றது நார் வடிகட்டி. சன்னமானதையும் விடாது. ஆனால் அழுக்குச் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும்.

முன்பு வேலை பார்த்த ஆலையில் நான் போட்ட வடிகட்டி அடைத்து, உற்பத்தியே நின்றுபோனது. அன்றிலிருந்து எனக்கு 'அடைப்பு' என்று பட்டப்பெயர். புது ஆலைக்கும் அது கூடவே வந்து சேர்ந்தது. கேன்டீனில் யாருக்காவது புரை ஏறினால்கூட என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நான் தகட்டைத் தேர்ந்தெடுத்தேன். தகடு அடைக்காது.

தப்பிய துளி எங்கே போய் இறங்கும் என்று யோசிக்காமல் இல்லை. காற்று பெரும்பாலும் கிழக்கு நோக்கி வீசும். அங்கே குடியிருப்பு. நானும் அங்கேதான் இருந்தேன். ஆலை ஓடத் தொடங்குமுன் மேற்கே வீடு மாற்றிக்கொண்டேன். மனைவியிடம் தண்ணீர் வசதி என்று சொன்னேன்.

அக்கா கிழக்கேயே இருந்தாள். அம்மா போனபின் என்னை வளர்த்தவள். ஒருநாள் மாமாவின் சட்டையை விரித்துக் காட்டினாள்.

"கொடியில போட்ட துணியெல்லாம் பொத்தல் பொத்தலா போகுதுடா. உங்க ஆலைப் புகையா இருக்குமோ?"

"சோப்பை மாத்திப் பாருக்கா."

மாற்றினாள். நான் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

பிறகு இருமல். தெருவில் பலருக்கும் இருந்தது. பனிக்காலம், சரியாகிவிடும் என்றேன். மருத்துவமனையில் மூச்சுக்குத் திணறியபடி, "நீ எதுக்குடா லீவு போட்டே, வேலையைப் பாரு" என்றாள். அந்த வாரமே போய்விட்டாள். மாமா என் தோளில் சாய்ந்து, "நீ பக்கத்துல இருக்கேன்னுதான் அவ தைரியமா இருந்தா மாப்ள" என்றார். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இருமல் தொடங்கியதுமே வடிகட்டிக்கு மாறியிருக்கலாமே என்கிறீர்கள். ஆலையை நிறுத்த வேண்டியிருக்கும். காரணம் கேட்பார்கள். மறுபடி சிரிப்பார்கள்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். அக்காவிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் கூடப் பிறந்தவள் என்பதற்காக அவளை மட்டும் காப்பாற்றியிருந்தால், அந்தத் தெருவில் மற்றவர்களுக்கு அது துரோகம் இல்லையா, ஐயா?