மூன்று தீக்குச்சி

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. காரஞ்சி ஏரியில் பெடல் படகில் ஏறி உட்கார்ந்ததுமே வாந்தி எடுத்தவன் நான். படகைக் கரையிலிருந்து இன்னும் அவிழ்க்கக்கூட இல்லை. இப்படிப்பட்டவனை மைசூரில் பன்னிரண்டு பேர் ‘அட்மிரல்’ என்று கூப்பிடுகிறார்கள் என்றால், அந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றியும் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

நாங்கள் பழைய காலத்துப் போர்க்கப்பல்களை மரத்தில் சின்னதாகச் செய்கிறவர்கள். மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் ஞாயிறு காலை கூடுவோம். இரண்டு முழ நீளக் கப்பலுக்கு நாலைந்து வருஷம் ஆகும். தசரா சமயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து எல்லாவற்றையும் பார்வைக்கு வைப்போம். அதில் ஒரே ஒரு கப்பலுக்கு மட்டும் வாசலிலேயே கண்ணாடிப் பெட்டி. இந்த வருஷம் பெட்டிக்குள் இருக்கும் கப்பலைப் பற்றி, வருகிறவர்கள் படிக்க ஏதாவது எழுதித் தரும்படி எங்கள் செயலாளர் மனிஷா கேட்டாள். “நாலே லைன் போதும் அங்கிள், ஜாஸ்தி பேட, வேண்டாம்” என்றாள். கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது.

நான் முரளிதரன். சர்வே ஆபீசில் படம் வரைந்து ரிடையர் ஆனவன். எந்தக் கயிற்றை எந்த வருஷத்தில் எந்தக் கட்டையில் கட்டினார்கள் என்று புத்தகம் பார்த்துச் சொல்வேன். செய்யத்தான் வராது. நான் செய்த ஒரே கப்பலில் மூன்று பாய்மரங்களும் மூன்று பக்கம் பார்க்கும். கண்காட்சிக்கு வந்த ஓர் அம்மாள், “புயல்ல மாட்டின கப்பலா?” என்று பரிவோடு விசாரித்தார். ஆமாம் என்றேன்.

சாம்பசிவனுக்குச் செய்ய மட்டும்தான் வரும். ரயில்வே பட்டறையில் தச்சராக இருந்தவர். இங்கிலீஷ் புத்தகம் படிக்க மாட்டார். என்னைக் கேட்டுத்தான் எதையும் செய்வார். நான் சரி என்று தலையாட்டினால்தான் அடுத்த ஆணியைத் தொடுவார். அப்படிப்பட்டவர் நான்கு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு, நான் வரைந்து கொடுத்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தார். “சார், தப்பா நெனச்சுக்காதீங்க. கயிறு இப்படிப் போனா பீரங்கிய வெளிய நீட்டவே முடியாதே?”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் செய்தேன் என்று நீங்கள் நினைத்தால், அது என்னைச் சின்ன மனுஷனாக்கிவிடும். அதையெல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டேன். அன்று ஜூலை பதினெட்டு, மணி பதினொன்று நாற்பது.

அடுத்த மாதம் அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரும்போது நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

“கண்ணுல ப்ரெஷர் சார். பக்கவாட்டுப் பார்வை ஏற்கெனவே போயிடுச்சு. மருந்து விட்டாலும் ரெண்டு வருஷம் தாங்குறதே ஜாஸ்தின்னுட்டாரு டாக்டர். விசாலாக்ஷிகிட்டகூட இன்னும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன். இந்தக் கப்பல முடிச்சு, முழுசா ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும். நீங்க ஸ்வல்ப சரி பாத்துச் சொல்லிட்டே வாங்க, நான் கட்டிட்டே போறேன். ஆய்த்தா சார்?”

ஆகட்டும் என்றேன். அப்போது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. காபி கொடுத்தேன்.

கப்பலின் உடம்பும் பாய்மரங்களும் அதற்குள் தயார். எங்கள் சங்கத்தில் பாய் விரிப்பதில்லை. மாலுமிகள் பாய்மரத்தில் ஏறுகிற கயிற்றேணியைக் கட்டிவிட்டால் கப்பல் முடிந்தது. ஆனால் அந்த ஏணி சாமானியமானது இல்லை. இரண்டாயிரத்துக்கு மேல் முடிச்சுகள், நூல் கனத்தில். படிக்குப் படி ஆறு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சாம்பசிவன் ஸ்கேல் வைக்க மாட்டார். மூன்று தீக்குச்சிகளை ஒன்றாகச் சேர்த்து இடையில் வைத்துப் பார்த்து, முடிச்சை இறுக்குவார். எட்டு மாதத்தில் முடித்து வாட்ஸப்பில் படம் அனுப்பினார்.

பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு குறை இல்லை. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனுக்கு வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “படிக்குப் படி எட்டு மில்லிமீட்டர் வர வேண்டும், நாலு தீக்குச்சி” என்று பதில் எழுதினேன்.

ஏன், எதற்கு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவருடைய மரியாதைதான் காரியத்தைக் கெடுத்தது.

எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி கட்டினார். இந்தத் தடவை ஒன்பது மாதம். மறுபடி படம் வந்தது. ஏணிக் கயிறுகளைக் கீழே இழுத்துக் கட்ட, மூன்று துளை போட்ட மரவில்லைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் முதல் முடிச்சு கப்பலின் உள்பக்கம் விழ வேண்டும். உள்பக்கம்தான் போட்டிருந்தார். வெளிப்பக்கம் வர வேண்டும் என்று எழுதினேன். அதை மாற்ற ஏணி மொத்தத்தையும் இறக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அட்மிரல் அல்லவா.

அதற்குள் அவர் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. விசாலாக்ஷி போன் செய்தார்.

“அண்ணா, வெளிச்சம் வந்ததும் ஜன்னல்கிட்டப் போய் ஒக்காந்தா சாப்பிடக்கூட எழுந்திரிக்க மாட்டேங்கறாரு. நீங்க போதும்னு ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு.”

“சரித்திரத்துல போதும்னு ஒண்ணு கெடையாதும்மா” என்றேன். சொன்ன பிறகு அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போய், டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை பாதி ஏணி கட்டியிருந்தபோது ஊசிக் காது தெரியாமல் போனது. பிறகு ஊசி. பிறகு ஜன்னல். அவர்கள் இருவரும் ஆட்டோவில், மடியில் கப்பலை வைத்துக்கொண்டு வந்தார்கள். “நீங்களே முடிச்சுடுங்க சார். உங்களுக்குத்தான் சரியாத் தெரியும்” என்றார் சாம்பசிவன்.

நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். அவர் கட்டியிருந்தபடியே தொடர்ந்திருந்தால் இன்று இதை எழுத வேண்டி வந்திருக்காது. ஆனால் படிக்குப் படி எட்டு மில்லிமீட்டர் தப்பு. தப்பென்று தெரிந்து ஒரு கப்பலை எப்படி முடிப்பது? மனுஷனிடம் கூசாமல் பொய் சொன்னவனுக்குக் கப்பலில் பொய் சொல்லக் கை வரவில்லை. கண் இருந்தபோது அவர் போட்ட கடைசி முடிச்சுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். ஆறு மில்லிமீட்டரில், வில்லை முடிச்சு உள்பக்கம் வைத்து, ஒரு வருஷம் உட்கார்ந்து கட்டினேன். என் முடிச்சுகள் ஒவ்வொன்றும் கடுகு கனம். பெட்டிக்கு அருகில் போய்ப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஆனால் அளவு சரி.

போன வாரம் கப்பலைப் பார்க்க இருவரும் வந்தார்கள். பார்க்க என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். சாம்பசிவன் விரலை முன்பக்கமிருந்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். வில்லைகளுக்கு அருகில் வந்ததும் விரல் உள்ளே வளைந்து, அங்கேயே நின்றது. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். நாலு குச்சிகளைச் சேர்த்துப் படிகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்றும் கச்சிதமாக உட்கார்ந்தன.

“ஆராய்ச்சி மாறிக்கிட்டே இருக்கும், சாம்பசிவன்” என்றேன்.

“மொதல்ல நான் கட்டினது மூணுதானே சார். முடிச்சும் உள்பக்கம்தானே?”

“ஆமா.”

அவர் குச்சிகளைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். “அப்ப நான் பாத்துட்டேன் சார். முழுசாப் பாத்திருக்கேன். பாத்துட்டேன்னுதான் தெரியாமப் போச்சு.”

விசாலாக்ஷி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைப் பக்கம் திரும்பிக் காபிக்குக் குரல் கொடுத்தேன்.

நடந்தது இவ்வளவுதான். கப்பல் சரியாக இருந்தது. தப்பு என்று இரண்டு தடவை சொன்னேன். தெரிந்துதான் சொன்னேன். ஒரு மனுஷனுக்கு மிச்சமிருந்த பார்வையை, அவர் கையாலேயே முடிச்சு முடிச்சாக அவிழ்க்க வைத்தேன். ஆனால் முழுசாகப் பார்த்துவிட்டதாக அவரே தம் வாயால் சொல்லிவிட்டார். அதனால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மனிஷா, அட்டையில் ‘செய்தவர்: சாம்பசிவன்’ என்றே பெரிதாகப் போடு. கீழே சின்ன எழுத்தில் ‘திருத்தங்கள்: முரளிதரன்’ என்று ஒரு வரி இருக்கட்டும். என் பெயருக்காகக் கேட்கவில்லை அம்மா, சரித்திரம் சரியாக இருக்க வேண்டும்.