தீவுக்காரர்களுக்கு ஐந்து வயது கூடுதல்

— அன்னைக்கு மெட்ராஸ் ஹார்பர்ல, "அந்தமான்ல தண்ணி எப்படி இருக்கும்"னு நான் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

— இல்ல மங்கை. ஆறு வருஷம் ஆச்சே.

— எனக்கு இருக்கு. "தண்ணியில காய்ச்சல், காத்துல காய்ச்சல், கொசுவுல காய்ச்சல். மனுஷங்க இருக்கிற இடம் இல்ல"ன்னீங்க. "அப்ப நீங்க மட்டும் யாரு"ன்னு கேட்டேன்.

— அதுக்கு நான் என்ன சொன்னேன்?

— கப்பல்ல சங்கு ஊதிட்டாங்க. நீங்க பெட்டியைத் தூக்கிட்டு ஏணியில ஏறிட்டீங்க.

— நல்லவேளை ஊதினாங்க.

— முந்தாநாள் வந்து இறங்கினதுலேர்ந்து நானும் பாக்கறேன். இந்த மின்னி பேங்கற இடத்துல கிணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்கு. எதிர்வீட்டு பெங்காலி அம்மாவுக்கு ஆறு புள்ளைங்க, ஆறும் மழையில குதிச்சிட்டு இருக்கு. கொசு இருக்கு. மெட்ராஸ்ல இல்லாத கொசுவா?

— டீ ஆறிடுச்சு பாரு. வேற போட்டுத் தரவா?

— டீ இருக்கட்டும். நான் வந்த காரியத்தைப் பாருங்க. இந்தப் பேப்பரை நான் குடுத்து ரெண்டு நாள் ஆச்சு. தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கறீங்களே தவிர, கையெழுத்துப் போடக் காணோம்.

— படிச்சியா நீ?

— இங்கிலீஷ்ல இருக்கறதை நான் எங்க படிக்க? அண்ணன் பின்பக்கம் தமிழ்ல எழுதிக் குடுத்திருக்கார். "ஜெகநாதன் ஆகிய நான், முன்பு கம்பெனியின் மதிப்பீட்டுப் பிரிவில் ஏழு ஆண்டுகள் பணியாற்றினேன். தற்போது போர்ட் பிளேரில் அரசு குமாஸ்தாவாக இருக்கிறேன். அந்தமான் தீவுகள் உயிருக்கு ஆபத்தான இடம் என்பதை ஆறு ஆண்டுகளாக நேரில் கண்டவன். ஆகவே தீவு பாலிசிதாரர்களின் வயதுடன் ஐந்து வயது கூட்டிக் கணக்கிட்டது முற்றிலும் நியாயமே." இதுதானே?

— அச்சா. இதுக்காகவா உங்கண்ணன் சண்முகம் உன்னை நாலு நாள் கப்பல்ல ஏத்தி விட்டார்?

— அவர் போட்ட ரெண்டு லெட்டருக்கு நீங்க பதில் எழுதியிருந்தா நான் எதுக்கு வாந்தி எடுத்துக்கிட்டே வரேன்? அப்புறம், அது என்ன ரெண்டு நாளா அச்சா அச்சான்னு. சரின்னு சொன்னா வாய் வலிக்குதா?

— பெங்காலிகிட்டயும் இந்தி, மலையாளிகிட்டயும் இந்தி, தெலுங்குக்காரர்கிட்டயும் இந்தி. தமிழ் பேசணும்னா அபர்டீன் பஜார்ல உதுமான் பாய் கடைக்குத்தான் போகணும். அவரும் பாதி இந்தி.

— சரி, இப்ப நான் வந்திருக்கேன், தமிழ்லயே சொல்லுங்க. ஏன் போட மாட்டேங்கறீங்க?

— இது என்ன கேஸ்னு உனக்குத் தெரியுமா?

— வரி கேஸ். கம்பெனி லாபத்தை மறைச்சுட்டதா இன்கம்டாக்ஸ் ஆபீசர் சொல்றார். மறைக்கலன்னு அண்ணன் சொல்றார். அண்ணன் கம்பெனி செக்ரட்டரிங்கறதால அவர் தலையில விடியுது. அவ்வளவுதான் தெரியும்.

— கேளு. உதுமான் பாய் கடையைச் சாத்தறப்ப கல்லாவைப் பார்த்தா அன்னைக்கு லாபமா நஷ்டமான்னு சொல்லிடுவார். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அப்படிச் சொல்ல முடியாது. இன்னைக்கு பிரிமியமா வாங்கற பணம், இருபது வருஷம் கழிச்சு யாரோ ஒரு வீட்டுக்குத் திருப்பிக் குடுக்க வேண்டிய பணம். பெட்டியில இருக்குங்கறதுக்காக அதை லாபம்னு சொல்ல முடியுமா?

— எப்படிச் சொல்றது. அடுத்தவங்க நகையை நாம பத்திரமா வச்சிருக்கற மாதிரிதானே.

— அதேதான். அதனால மூணு வருஷத்துக்கு ஒருதரம் ஆக்சுவரின்னு ஒருத்தர் உக்காருவார்.

— சாவுக்குக் கணக்குப் போடறவர்.

— உயிருக்குக் கணக்குப் போடறேன்னு அவர் சொல்லுவார். பாலிசி எடுத்தவங்க இன்னும் எத்தனை காலம் இருப்பாங்கன்னு மதிப்புப் போட்டு, அவங்களுக்கு வேண்டியதை ஒதுக்கி வச்சுட்டு, மிச்சம் இருந்தா அதை உபரின்னு சொல்லுவார். அந்த உபரியைப் பார்த்துத்தான் வரி.

— ஆளுங்க சீக்கிரம் செத்துடுவாங்கன்னு மதிப்புப் போட்டா?

— நிறைய ஒதுக்கணும். உபரி குறையும். வரியும் குறையும்.

— ஓகோ.

— கணக்குப்படி இந்தத் தீவுல முப்பது வயசு ஆளுக்கு முப்பத்தஞ்சு. நாப்பதுக்கு நாப்பத்தஞ்சு. கப்பலை விட்டு இறங்கினதுமே அஞ்சு வயசு ஏறிடும். பிரிமியமும் அதுக்குத் தகுந்த மாதிரி கூடத்தான் வாங்குவாங்க. ஆபீசர் அதைத்தான் பிடிச்சுக்கிட்டார். "இது ஒதுக்கீடு இல்ல, ஒளிச்சு வச்ச உபரி. அஞ்சு வயசை எடுத்துட்டு மறுபடி கணக்குப் போடு"ங்கறார். "ஆக்சுவரி போட்டதுல நீ கை வைக்கக் கூடாது"ன்னு கம்பெனி வக்கீல் சொல்றார்.

— எந்தப் புண்ணியவான் இந்த அஞ்சு வயசைக் கண்டுபிடிச்சான்?

— உம் புருஷன்தான்.

— நீங்களா?

— அப்ப ஹெட் ஆபீஸ்ல யாருக்கும் அந்தமானைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆக்சுவரி என்னைக் கூப்பிட்டு, "எதையாவது பார்த்து ஒரு அளவு சொல்லுப்பா"ன்னார். லைப்ரரியில வெள்ளைக்காரன் காலத்து ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கிடைச்சுது. வருஷா வருஷம் ஆயிரம் பேருக்கு இத்தனை சாவுன்னு பட்டியல். மூணு வாரம் உக்காந்து அஞ்சு வயசுன்னு கொண்டு வந்தேன். தட்டிக் குடுத்தார். சம்பளத்துல அஞ்சு ரூபா ஏத்தினாங்க.

— ஞாபகம் இருக்கு. எனக்கு நீலக்கலர்ல ஒரு சேலை எடுத்துட்டு வந்தீங்க. அப்ப கணக்கு சரிதானே. ரிப்போர்ட்ல இருந்ததைத்தானே எழுதினீங்க?

— அது கைதிங்க ஆஸ்பத்திரி மங்கை. செக்கு இழுத்தவன், காட்டுல மரம் வெட்டினவன், அடி பட்டவன், அரை வயித்துக் கஞ்சி குடிச்சவன். அவங்க செத்த கணக்கை எடுத்து உதுமான் பாய் தலையில வச்சுட்டேன்.

— ரிப்போர்ட்ல கைதின்னு எழுதியிருக்க மாட்டாங்களா?

— அட்டையிலேயே எழுதியிருந்தது. மெட்ராஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்திருந்தவனுக்கு அந்தமான்னா கைதிதான். இங்க கடை வச்சிருப்பான், கல்யாணம் பண்ணுவான், புள்ளையைப் பள்ளிக்கூடத்துல விடுவான்னு எனக்குத் தோணவே இல்ல.

— இங்க வந்ததும் தெரிஞ்சுதா?

— தெரியவே ரெண்டு வருஷம் ஆச்சு. இங்க கம்பெனிக்கு ஆபீஸ் கிடையாது, பழைய ஆளுங்கறதால கம்பெனி தபால் எல்லாம் எங்கிட்ட வந்துதான் போகும். நூத்தித் தொண்ணூறு பாலிசி. இந்த ஆறு வருஷத்துல போனது மூணே பேர். சாத்தாம் மரமில்லுல பெரிய மரக்கட்டை உருண்டு ஒருத்தர். டோங்கிப் படகு கவுந்து கடல்ல ஒருத்தர். மூணாவது குழந்தைவேலுன்னு ஒரு பெரியவர். அறுபது வயசுல, ஏறாதய்யான்னு சொல்லச் சொல்ல, தென்னை மரத்துல ஏறினார். காய்ச்சல்ல ஒருத்தர் இல்ல.

— இதை அண்ணன்கிட்ட சொன்னீங்களா?

— அம்பத்தொண்ணுலயே எழுதினேன். "கணக்கு தப்பு, நான்தான் தப்பு பண்ணினேன். அதிகமா வாங்கினதை இவங்களுக்கே போனஸாக் குடுத்துடலாம். பாலிசிதாரருக்குப் போற போனஸ்ல பெரும்பகுதிக்கு வரியும் கிடையாது"ன்னு. உங்கண்ணன் ஒரே வரி பதில் போட்டார். "மாப்பிள்ளை, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்."

— அவர் அப்படித்தான். பிடிக்காததைக் கேட்டா உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுவார்.

— அந்தப் பணம் கம்பெனியோடதும் இல்ல, வரி ஆபீசோடதும் இல்ல மங்கை. இவங்களோடது. வெத்திலை மடிச்சுக் குடுத்துட்டே உதுமான் பாய் கேப்பார், "பாபு, என் அண்ணன் காயல்பட்டணத்துல என்னை விடக் கம்மியா பிரிமியம் கட்டுறாரு, நான் என்ன அவருக்கு மூத்தவனா"ன்னு. நான் சிரிச்சு மழுப்பிட்டு வந்துடுவேன்.

— இருங்க. இப்ப நான் கம்பெனி வக்கீல்.

— நீயா?

— ஏன், நாலு நாள் கப்பல்ல வந்தவளுக்கு நாலு கேள்வி கேக்கத் தெரியாதா? நேரா நில்லுங்க. மிஸ்டர் ஜெகநாதன், இந்த ஊர் நல்ல ஊருன்னு சொல்றீங்க?

— சொல்றேன்.

— தண்ணி, காத்து எல்லாம் நல்லது?

— நல்லது.

— உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?

— மங்கை.

— கோர்ட்ல பேர் சொல்லக் கூடாது. ஆயிடுச்சா இல்லையா?

— ஆயிடுச்சு. பதினோரு வருஷம்.

— இவ்வளவு நல்ல ஊர்ல, பொண்டாட்டியை விட்டுட்டு ஒத்தை ஆளா எதுக்குச் சோறு பொங்கித் திங்கறீங்க? ரெண்டு தடவை லீவுல வந்தீங்களே, ரெண்டு தடவையும் அந்தப் பொம்பளை தீவைப் பத்திக் கேட்டாளே, ஏன் பேச்சை மாத்தினீங்க? நான் கேக்காட்டியும் கோர்ட்ல நெசமான கம்பெனி வக்கீல் கேப்பார். என்ன பதில் சொல்லப் போறீங்க?

— அதைத்தான் ரெண்டு நாளா யோசிக்கறேன்.

— யோசிச்சுச் சொல்ற பதில் வேணாம்.

— நான் கிளம்பறதுக்கு முந்தின வருஷம் உனக்கு டைஃபாய்டு வந்து பொழைச்சே. அப்ப உனக்கு இருபத்தாறு வயசு. ஆபீஸ் பேப்பர்லயே ஒரு ஓரமாக் கணக்குப் போட்டேன். தீவுக்கு அஞ்சு. டைஃபாய்டுக்கு நாலு. மொத்தம் முப்பத்தஞ்சு. அப்புறம் நம்ம டாக்டர் உன் நெஞ்சு பலவீனம்னு சொன்னாரே, அதையும் சேர்த்தேன். கணக்குப்படி உனக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி குடுக்காது. மெடிக்கல்லயே தள்ளிடுவாங்க.

— பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போறதுக்கு பாலிசிக் கணக்கா பார்ப்பாங்க?

— எனக்குத் தெரிஞ்ச கணக்கு அது ஒண்ணுதான். ஊர் உலகத்துல அந்த அஞ்சு வயசை நெசமா நம்பினவன் நான் ஒருத்தன்தான். ஆக்சுவரிகூட அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்.

— அப்ப வரி ஆபீசரை ஏமாத்தினதுக்கு முன்னாடி என்னை ஏமாத்தியிருக்கீங்க.

— என்னையேதான் முதல்ல.

— சரி. தப்புன்னு தெரிஞ்சுது இல்ல, அம்பத்தொண்ணுல? உங்க மச்சானுக்கு லெட்டர் எழுதினீங்க. எனக்கு ஏன் எழுதல?

— உனக்கு என்னன்னு எழுதறது? ரெண்டு வருஷம் உன்னை வீணா உங்கண்ணன் வீட்டுல விட்டுட்டேன்னா? அடுத்த வருஷம் எழுதலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அது மூணு வருஷம் ஆயிடுச்சு. அப்புறம் நாலு. தள்ளிப் போடப் போட, சொல்ல வேண்டியது ஏறிக்கிட்டே போச்சு. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல தைரியம் வரல.

— ஆறு வருஷமா அண்ணி வீட்டுல நான் தலைக்குக் குளிச்சா, "தொட்டியில தண்ணி இருக்கா"ன்னு கேப்பாங்க. புதுசா வந்தவங்க யாராவது, "இது யாரு"ன்னு கேட்டா, "இவ புருஷன் அந்தமான்ல"ன்னு சொல்லுவாங்க. கேட்டவங்க உடனே குரலைத் தாழ்த்திப்பாங்க. நீங்க என்னமோ கொலை பண்ணிட்டு உள்ள இருக்கற மாதிரி. அப்புறம் இரக்கப்பட்டு எனக்கு ஒரு வடை கூடுதலா வைக்கச் சொல்லுவாங்க.

— சிரிக்காத மங்கை.

— சிரிக்காம என்ன பண்றது.

— இப்ப ஒரு விஷயம் கேக்கறேன், நிதானமாப் பதில் சொல்லு. நான் நிஜத்தை எழுதி அனுப்பினா கேஸ் தோத்துடும். அந்த அஞ்சு வயசுக் கணக்குக்குக் கீழ செக்ரட்டரின்னு உங்கண்ணன்தான் கையெழுத்துப் போட்டிருக்கார். எல்லாம் தெரிஞ்சும் மறைச்சார்னு ஆயிடும். அவர் வேலை நிக்காது.

— நிக்காது.

— தங்கச்சி புருஷனே கழுத்தை அறுத்துட்டான்னு சொல்லுவார். அப்புறம் நீ அந்த வீட்டு வாசப்படி ஏற முடியுமா?

— முடியாது. அண்ணி என் பெட்டியைத் தெருவுல வச்சிருப்பாங்க.

— அதுதான் என் கையைப் பிடிச்சு நிறுத்துது. உதுமான் பாய்க்கு நியாயம் பண்றேன்னு கிளம்பி, மறுபடியும் உன்னைத்தான் தண்டிக்கப் போறேன். ஆறு வருஷம் பத்தாதுன்னு இருக்கிற ஒரு கூரையையும் பிடுங்கறதா? எனக்கு மனசு வரல. சொல்லு, உனக்காக இந்தப் பொய்யில கையெழுத்துப் போட்டுடறேன்.

— எனக்காகவா?

— உனக்காகத்தான். புதன்கிழமை கப்பல். பேனாவைத் திறந்து வச்சிருக்கேன் பாரு. உங்கண்ணன் சொல்லி அனுப்பினதையே நீயும் சொல்லு, போட்டுடறேன்.

— அண்ணன் என்கிட்ட ஒண்ணும் சொல்லி அனுப்பலைங்க. பதிவுத் தபால்ல அனுப்பறதுக்குக் கவரெல்லாம் ஒட்டி வச்சுட்டார். நான்தான் அழுது அடம்பிடிச்சு, "நேர்ல போய்க் கேட்டாத்தான் போடுவார், நானே வாங்கிட்டு வரேன்"னு பிரிச்சு எடுத்துட்டு வந்தேன். வாங்கிட்டுப் போறதுக்கு நான் வரல. கையெழுத்துப் போடாதீங்க. என்னை உங்ககூடவே வச்சுக்கங்க.