வரலாற்றுத் துறையில் ஓர் இடம்

— காப்பி ஆறுது புரொபசரே, குடிச்சுட்டுச் சொல்லுங்க. எங்க சிவப்ரியா உங்க காலேஜ்ல சேந்தா அரசாங்கம் இன்னும் என்னென்ன குடுக்குமாம்?

— கேட்டுக்க பங்கஜம். மாசாமாசம் ஊக்கத்தொகை. ஒரு லேப்டாப். மழைக்காலத்துல குடை. வரலாற்றுப் பெருமை வாய்ந்த நமது துறையில் சேர்கின்ற ஒவ்வொரு மாணவருக்கும்...

— இங்க மைக்கு எதுவும் இல்ல. சாதாரணமாவே பேசுங்க.

— சரி, சாதாரணமாவே சொல்றேன். நாளைக்கு அட்மிஷன் முடியுது. ஒரே ஒரு ஆள் கொறையுது. உம்மவ சேரலேன்னா துறையை இழுத்து மூடிட்டு என்னை ஏனாமுல இருக்குற நம்ம அரசாங்கத்தோட இன்னொரு காலேஜுக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க. கோதாவரிக் கரையில உக்காந்து தெலுங்குப் புள்ளைங்களுக்கு நான் ராஜராஜ சோழனை நடத்தணும்.

— அடப்பாவமே! அங்க காரம் வேற ஜாஸ்தி. உங்க வயித்துக்கு ஆவாதே.

— கிண்டல் பண்ணு. நம்ம காலத்துல அந்த காலேஜ் எப்படி இருந்துச்சு! பெஞ்சு பத்தாம ஜன்னல் விளிம்புல உக்காந்து பாடம் கேட்டோம். லேட்டா வந்தவன் வேப்பமரத்தடியில நின்னு கேட்டான். வாசல்ல போண்டா வித்தவரு கூட பானிப்பட்டு யுத்தத்தைக் கடகடன்னு ஒப்பிப்பாரு.

— தெரியும். குரும்பகரத்துலேருந்து உரம் வாங்க டவுனுக்கு வர்றப்பல்லாம் பஸ்ஸுலேருந்து எட்டிப் பாப்பேன். ஜன்னல்ல காலை ஆட்டிக்கிட்டிருக்கறது நீங்கதான்னு தூரத்துலேயே தெரிஞ்சிடும்.

— அது ஒரு பொற்காலம்! இப்ப உள்ள புள்ளைங்களுக்கு வரலாற்றுல நாட்டமே இல்ல.

— நாட்டமா? திருவேட்டக்குடி வரைக்கும் போயிக்கிட்டிருந்த காலேஜ் பஸ்ஸை எதுக்கு நிறுத்துனீங்க?

— அது நிதிப் பிரச்சனை. ஊக்கத்தொகைக்கு எங்கேருந்தாவது எடுக்கணும்ல?

— லைப்ரரிக்குப் புது புக்கு?

— அதுலேருந்தும் எடுத்தாச்சு.

— கெஸ்ட் லெக்சரரா ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்களே?

— அவங்க சம்பளமும் இதுக்குத்தான் போச்சு.

— ஆக, வர்றதுக்கு பஸ்ஸு இல்ல, படிக்க புக்கு இல்ல, நடத்த ஆள் இல்ல. வாங்க வாங்கன்னு கூப்பிடறதுக்கு மட்டும் காசு இருக்கு.

— திட்டத்தைக் கொறை சொல்லாத பங்கஜம். துவக்க விழா எவ்வளவு விமரிசையா நடந்துச்சு தெரியுமா? பந்தல் பூரா நாற்காலி. ஒண்ணு காலி கிடையாது!

— உக்காந்தது யாரு?

— பக்கத்து ஸ்கூல் புள்ளைங்க. யூனிபார்மோட கூட்டிட்டு வந்திருந்தாங்க. அதை விடு. ஒரு சீட்டோட அருமையை உம்மவளுக்கு நீதான் எடுத்துச் சொல்லணும். நானெல்லாம் மெரிட்ல உள்ள வந்தவன்.

— மெரிட்டா? சொல்லுங்க சாமிநாதன், அந்த வருஷம் லிஸ்ட்ல கடைசிப் பேரு யாரோடது?

— உன்னோடது. வெயிட்டிங்ல முதல் ஆளு நான். நீதான் படிப்பே வேணாம்னுட்டியாமே, எங்கப்பா வந்து சொன்னாரு.

— நானா சொன்னேன்? புதுத் தாவணி கட்டிக்கிட்டு பஸ்ஸுக்குக் கெளம்பி நிக்கிறேன். உங்கப்பா வந்தாரு. பொம்பளப்புள்ள எவன் வீட்டுக்கோ போவப்போறா, அந்த எடத்தை எம்மவனுக்கு விட்டுக்குடுங்கன்னு எங்கப்பாகிட்ட கேட்டாரு. குறுவை நாத்து காஞ்சுக்கிட்டிருக்கு. எங்க வயலுக்குத் தண்ணி உங்க வாய்க்கால் வழியாத்தான் வரணும். ரெண்டு பேரும் வெத்தல போட்டுக்கிட்டாங்க. நான் உள்ள போயி தாவணியை மடிச்சு வச்சேன்.

— சத்தியமா இது எனக்குத் தெரியாது பங்கஜம்.

— தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா அவ்வளவு ஜோரா காலை ஆட்டியிருக்க மாட்டீங்க.

— இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உம்மவளைக் கேப்பேன்? வர்றேன். ஏனாமுக்கே போயிக்கிறேன்.

— உக்காருங்க. காலேஜ்ல சேர்றதுக்கு வயசு வரம்பு ஏதாச்சும் உண்டா?

— அதையும் எடுத்துட்டாங்க. இப்ப மூச்சு இருந்தா போதும். ஏன் கேக்குற? சிவப்ரியாவுக்குப் பதினெட்டுதானே ஆவுது?

— அவ போன வாரமே சென்னையில சேந்துட்டா. நீங்க பேசுறதைக் கேக்க நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல. நாளைக்கு நான் வர்றேன், முதல் பெஞ்சுல எடம் போட்டு வைங்க. இந்தத் தடவ எங்கப்பாகிட்ட போயி யாரும் பேச முடியாது.