சீதாலெட்சுமி எடுத்த இணையம்

வீட்டுக்கு இணையம் எடுப்பதில் அவசரப்படக் கூடாது என்பது என் கருத்து. நீங்களே யோசித்துப் பாருங்கள் மேடம். ஒரு முறை கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடத்துக்கு அசைய முடியாது. கத்திரிக்காய் வாங்கும்போதே நாலைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தானே கூடையில் போடுகிறோம்.

பெயர் கார்த்திகேசு. வயது அறுபத்திரண்டு. கிள்ளான் பக்கம் பண்டமாரானில் சொந்த வீடு. துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருடம் டேலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணி, எது நசுங்கியது, எது நனைந்தது என்று குறித்து வைக்கிற வேலை. என் தாளில் இருப்பதுதான் கிடங்கில் இருக்கும் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் உஷாராணி மேடம், நீங்கள் எதையும் முழுதாகக் கேட்டுக்கொள்வீர்கள் என்று வெளியே சொன்னார்கள், அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஒரே மகள் ஷாமினி பெர்த் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். அவள் போன பிறகுதான் வீட்டுக்கு இணையம் வேண்டும் என்று என் மனைவி சீதாலெட்சுமி கேட்க ஆரம்பித்தாள். நியாயமான ஆசை. நான் உடனே வேலையைத் தொடங்கினேன். எந்தக் கம்பெனி என்ன வேகம் தருகிறது, ஒப்பந்தம் எத்தனை மாதம், மோடம் இலவசமா, கெட்டுப்போனால் எத்தனை நாளில் ஆள் வருகிறது என்று ஓர் அட்டவணை போட்டேன். ஆறு கம்பெனி, பத்தொன்பது பிளான். எங்கள் குடியிருப்பான தாமானில் வீடு வீடாகப் போய் யார் வீட்டில் எந்த லைன், எப்படி ஓடுகிறது என்று கேட்டு அதையும் சேர்த்தேன். எட்டு மாதம் ஆயிற்று. நான் ஒரு முடிவுக்கு வருகிற சமயம் பார்த்து எவனாவது விலையைக் குறைத்துவிடுவான். மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். அந்த எட்டு மாதமும் சீதா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் மகளோடு பேசினாள். எங்கள் வீட்டுக்குள் கைப்பேசிக்கு லைன் எட்டாது. மழை பெய்தால் குடை பிடித்துக்கொள்வாள். நான் அதற்குத் தடை சொன்னதே இல்லை.

பிப்ரவரி மாதம் கிள்ளானில் ஒரு பேரங்காடிக்குப் போனோம். அவளை வாசலில் இறக்கிவிட்டு நான் கார் நிறுத்த இடம் தேடினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். உள்ளே வந்து பார்த்தால், ஒரு கம்பெனியின் மேசைக்கு முன்னால் சீதா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். ருமானா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் பக்கத்தில் நின்றாள்.

"ஆன்டி ரொம்ப கிளியரா இருக்காங்க அங்கிள். மக மூஞ்சி தெளிவா தெரியணும், அவ்ளோதான்லா வேணும்னு சொன்னாங்க," என்றாள் அந்தப் பெண்.

அந்த பிளான் என் அட்டவணையில் பதினோராவது இடத்தில் இருந்தது மேடம்.

நாலாம் நாள் ஆள் வந்து கருப்புக் கம்பியை இழுத்து, ஹால் சுவரில் மோடத்தைப் பொருத்திவிட்டுப் போனான். தப்பாகப் போகும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் நன்றாக வேலை செய்தது. ஷாமினியின் மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிந்தது. சீதா சமையலறையிலிருந்தே அவளோடு பேசினாள், பேசிக்கொண்டே அப்பளம் பொரித்தாள். சுங்கை வேயிலிருந்து அவள் அண்ணன் பரமேஸ்வரன் வந்திருந்தார். ஐந்து நிமிடம் எதையோ பார்த்துவிட்டு, "தங்கச்சி பத்து நிமிஷத்துல முடிச்சிருக்கா. மாப்பிள்ளைக்கு எட்டு மாசம் பத்தல," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாதமே அவரும் ருமானாவிடம் போய் அதே பிளானை எடுத்துக்கொண்டார்.

சீதா மேல் எனக்குக் கோபம் இல்லை. தப்பான முறையில் எடுத்த முடிவு நல்லபடியாகப் போனால், ஒரு மனுஷிக்கு அது கெட்ட பழக்கமாகிவிடும். நாளைக்கு வீட்டுக் கூரை மாற்றுவதையும் பத்து நிமிடத்தில் முடிக்கப் பார்ப்பாள். அவளுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் சின்னதாகத்தான் செய்தேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது மோடத்தின் சுவிட்சை அணைத்துப் போடுவேன். பிறகு மோடத்துக்குப் பின்பக்கம் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினேன். ஃபைபர் கம்பிக்குள் இருப்பது கண்ணாடி இழை, வளைத்தால் ஒளி கசிந்து வேகம் குறையும் என்று படித்திருந்தேன். அலமாரியை இரண்டு அங்குலம் நகர்த்திக் கம்பியின் மேல் அழுத்தி வைத்தேன். படம் மங்கியது. சீதா கம்பெனிக்குப் போன் செய்தாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கே ஆள் வந்துவிட்டான். அலமாரியை நகர்த்தினான், கம்பியை மாற்றினான், வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த முறை புது மோடம் கொடுத்தார்கள். மூன்றாம் முறை ஒரு மேனேஜரே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, ஒரு மாதம் இலவசம் என்றார்.

சீதா கோவிலில் எல்லாரிடமும் சொன்னாள். "இந்த மாதிரி சர்வீஸ் நான் எங்கயும் பார்த்ததில்லக்கா. கூப்பிட்டா ஓடி வராங்க." தாமானில் நாலு வீடு அந்தக் கம்பெனிக்கு மாறியது. என்னால்தான் மாறினார்கள் என்று ஒரு விதத்தில் சொல்லலாம்.

இப்போது நீங்கள் கேட்கிற சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஷாமினிக்கு ஜூலையில் கல்யாணம். பெர்த்தில், அங்கே இருக்கிற கோவிலில். சீதாவுக்கு மே மாதம் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால், விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளைப் பார்த்துக்கொள்ள நானும் போகவில்லை. ஹாலிலேயே கல்யாணத்தைப் பார்த்துவிடலாம் என்று சீதா ஏற்பாடு செய்தாள். பரமேஸ்வரன் தன் பெரிய டிவியைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார். நாற்பது பேர் வந்தார்கள். வாழைமரம்கூடக் கட்டினார்கள். சீதா அரக்குப் பட்டு கட்டி, காலை ஸ்டூலில் நீட்டி முன்வரிசையில் உட்கார்ந்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் டிவியைப் பார்த்துத் தூவுவதற்கு எல்லார் கையிலும் அட்சதை கொடுத்திருந்தாள்.

என் திட்டத்தில் யாருக்கும் நஷ்டம் கிடையாது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முகூர்த்தம் பதினொன்று முப்பத்திரண்டு. அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம்தான். பதினொன்று இருபதுக்கு லைன் அறும். எல்லாரும் பதறுவார்கள். நான் அமைதியாக என் கைப்பேசியை எடுப்பேன். அட்டவணையில் முதலிடத்தில் இருந்த கம்பெனியின் சிம்மை வியாழக்கிழமையே வாங்கிப் போட்டிருந்தேன். இரண்டே நிமிடத்தில் அதிலிருந்து டிவிக்கு லைன் கொடுத்துவிடுவேன். தாலி கட்டுவதைப் பார்த்த பிறகு, எந்தக் கம்பெனி என்று யாராவது கேட்பார்கள். அவ்வளவுதான்.

மோடத்தைத் தொட்டால் ஹாலில் தெரிந்துவிடும். அதனால் செடி வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். அங்கே கம்பத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. எங்கள் வீட்டுக் கம்பி எது என்று பார்க்க நேரம் இல்லை. மொத்தமாக வருகிற கம்பி ஒன்றுதான், அதை வெட்டினேன். இருபத்தாறு வீடு என்று பிறகுதான் தெரிந்தது.

திரும்பி ஹாலுக்கு வந்தேன். டிவியில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கைப்பேசியை எடுத்து இணைத்தேன். படம் வந்தது. மாப்பிள்ளையின் முழங்கை தெரிந்தது. அதோடு நின்றுவிட்டது. பதினான்கு நிமிடம் அந்த முழங்கைதான். அந்த சிம்மை நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் போட்டுப் பார்த்திருந்தேன். அங்கே மிக நன்றாக இருந்தது. இந்த விஷயத்தில் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

மற்றவர்களும் தங்கள் கைப்பேசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். பரமேஸ்வரன் கேட்டுக்கு ஓடினார். சீதாவை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப் போனார்கள். காலைப் பார்த்துப் பார்த்து வைத்து அவள் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷாமினி கழுத்தில் தாலி ஏறி முடிந்திருந்தது. கைப்பேசியில் மகள் அழுதுகொண்டே, "ம்மா, பார்த்தீங்களா?" என்று கேட்டாள். "பார்த்தேன்மா," என்றாள் சீதா. உள்ளே யாரோ ஒரு குழந்தை அந்த முழங்கையைப் பார்த்து அட்சதையைத் தூவியிருந்தது. அன்று மாலை அதைப் பெருக்கியது நான்தான்.

கம்பி அறுந்த நேரத்தில்தான் கௌஸ் வந்திருந்தார். சனிக்கிழமைதோறும் லோரியில் வந்து பழைய இரும்பும் பழைய பேப்பரும் வாங்குகிறவர். ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தால் சீதா பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு போவாள், ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுப்பாள். நல்ல மனிதர். ஆனால் கம்பி அறுந்து கிடப்பதைப் பார்த்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் ரொம்பக் கோபத்தில் இருந்தார்கள். பழைய இரும்பு லோரி சந்து முனையில் நிற்கிறது. கம்பி திருட வந்தவர் என்று அவர்களே கூட்டிக் கழித்துக்கொண்டார்கள். அவரை லோரியிலிருந்து இழுத்து இறக்கினார்கள். விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது.

கூட்டத்துக்கு நடுவில் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, நீங்க கத்தரியோட அங்கதான நின்னீங்க. நான் வண்டிய விட்டு எறங்கவே இல்லன்னு சொல்லுங்கண்ணே."

நான் செடி வெட்டிக்கொண்டிருந்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். என்னைச் சாட்சி என்று நம்பினார். எங்கள் வட்டார ருக்குன் தெத்தாங்கா என்கிற அக்கம்பக்கத்துக் காவல் குழுவுக்கு நான் செயலாளர். காவல் சம்பந்தப்பட்ட விஷயத்தில் செயலாளர் ஒரு பக்கம் சாய்ந்து பேசுவது முறையில்லை. அதனால் பேசவில்லை. சம்பவ நேரத்தில் லோரியை அந்தச் சந்துக்குப் பக்கத்தில் பார்த்தேன் என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அது பொய் இல்லை மேடம். நான் கம்பத்தில் இருந்தபோது அந்தப் பக்கமாகத்தான் வந்தது. நீங்கள் அவரை நாலு நாள் உள்ளே வைத்திருந்தீர்கள். கண்ணாடி இழையை யாரும் எடைக்குப் போட முடியாது, அதைத் திருடி அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வரை எல்லாம் சரியாகத்தான் போனது. கம்பெனிக்குப் போன் செய்வதற்காக ஒப்பந்தத் தாளைத் தேடிய சீதா, என் கோப்பைத் திறந்துவிட்டாள். அதில், லைன் அறுந்த நாளும் நேரமும் என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன், கம்பெனி மேல் புகார் கொடுப்பதற்காக. சனிக்கிழமை கல்யாண வேலையில் நேரம் இருக்காது என்று அன்றைய வரியையும், பதினொன்று இருபது என்று போட்டு, முந்தின நாளே சேர்த்து அச்சடித்து வைத்திருந்தேன். தாளின் அடியில் அச்சடித்த தேதி தானாகவே விழும். எனக்கு அது தோன்றவில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் என் தாளில் நடந்த ஒரே பிழை.

சீதா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"சனிக்கிழம அறுந்தத வெள்ளிக்கிழமையே அச்சடிச்சு வச்சிருக்கீங்க."

நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவள் உண்மையாகவே ஒரு முறை படித்துப் பார்த்தாள்.

"இருவத்து ரெண்டுக்குத்தான் அறுந்துச்சு," என்றாள். "நான் கடிகாரத்தப் பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தேன்."

பின்கதவுத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது, அதனால் இரண்டு நிமிடம் தாமதம் என்று விளக்கினேன். நாற்பது வருடம் குடும்பம் நடத்திய மனுஷி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு கேட்டுக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டாள். மறுநாள் காலை அந்தத் தாளை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான். கௌஸின் மனைவியையும் கையோடு கூட்டி வந்தாளாம். நீங்கள் அன்றே அவரை வெளியே விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்லது.

ஆக, ஆமாம். கம்பியை வெட்டியது நான். வேண்டுமென்றேதான் வெட்டினேன். என் மகளின் கல்யாணத்தை அவள் அம்மா பார்க்க முடியாமல் செய்தது நான். கௌஸ் செய்யவில்லை என்று தெரிந்தும் அவரைப் பற்றி எழுதிக் கொடுத்தது நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன், அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். ஆனால் காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டும். எனக்கு ஒரு ஆதாயமும் இல்லை. அவள் நன்மைக்காகத்தான் செய்தேன்.

சீதா இப்போது சுங்கை வேயில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நேற்று எனக்கு மாற்றுத் துணி கொண்டுவந்தபோது பரமேஸ்வரன்தான் சொன்னார். தினமும் காலையில் ஷாமினியோடு ஒரு மணி நேரம் பேசுகிறாளாம். இத்தனை நாளில் லைன் ஒரு தடவைகூட அறுந்ததில்லையாம். அந்த வீட்டில் அதைப் பொறுப்பாகக் கவனித்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை மேடம், வேறொன்றும் இல்லை.