வீட்டுக் கூட்டம்

— நான் வரலைங்க. நீங்களும் உங்க பொண்ணும் உக்காந்து பேசிக்கோங்க.

— இங்க பாரு, ஞாயித்துக்கிழமைக் கூட்டத்தை ஒரு வாரம் விட்டா பழக்கமே போயிடும். பேச வேண்டியதையெல்லாம் சீட்டுல எழுதிச் சுவத்துல ஒட்டி வெச்சுட்டேன்.

— வாங்கம்மா. கணக்குப் பாடத்தைச் சின்னச் சின்னதாப் பிரிச்சுப் படிச்சேன்ல, அதைச் சொல்லணும்.

— அப்புறம் கேக்குறேன் கண்ணு. நீ கீழ போய்க் கொஞ்ச நேரம் சைக்கிள் ஓட்டு. அப்பாகிட்ட பேசணும்.

— அவளை எதுக்கு அனுப்பின? முகமே வாடிப் போச்சு பாரு.

— நேத்து எங்க ஆஸ்பத்திரியில நர்ஸுங்களுக்கெல்லாம் பயிற்சி வகுப்பு. மன அழுத்தத்தை எப்படிக் குறைக்கிறதுன்னு.

— நல்லதுதானே?

— பாடம் எடுத்தது உங்க ஆபீஸ் பொண்ணு. அஜைல்ங்கிற வேலை முறை கம்ப்யூட்டர்காரங்களுக்கு மட்டும் இல்ல, வீட்டுக்கும் மனசுக்கும் ஆகும்னு ஆரம்பிச்சா. சின்னதா முயற்சி பண்ணு, வாராவாரம் உக்காந்து பாரு, சரிவரலைன்னா மாத்து. அச்சு அசல் நீங்க பேசுற மாதிரியே.

— எங்க டீம்தான். நல்லாப் பேசுவா.

— ரொம்ப நல்லா. 'எனக்குத் தெரிஞ்ச வீட்டுல ஒரு நர்ஸம்மா. டூட்டி முடிஞ்சு வந்ததும் பெத்த பொண்ணு அம்மான்னு கூப்பிட்டாலே எரிச்சலா வருதுன்னு அழுதாங்க'ன்னா. பொண்ணு இல்லாதப்ப, உங்ககிட்ட மட்டும் நான் சொன்னது அது.

— பேரு சொல்லலியே?

— சொல்லல. பக்கத்துல இருந்தவ, 'என்ன பொம்பளையோ'ன்னு என் காதுல கிசுகிசுத்தா. நானும் ஆமான்னு தலையாட்டினேன்.

— ஐயோ... இங்க பாரு, ஒரு உதாரணத்துக்குச் சொன்னதும்மா. நம்ம வீடு எவ்வளவு மாறியிருக்குன்னு பெருமையாத்தான் சொன்னேன்.

— கூட்டத்துல யாரும் யாரையும் குத்தம் சொல்லக் கூடாது, இங்க பேசுறது வெளிய போகக் கூடாதுன்னு விதி போட்டது யாருங்க?

— நான்தான். தப்புதான். வா, இதையும் கூட்டத்துலயே பேசித் தீத்துக்கலாம்.

— தீந்திருக்கும்ங்க. அவ கதையை அதோட நிறுத்தியிருந்தா.

— வேற என்ன சொன்னா?

— 'அந்த வீட்டுக்காரர் கல்யாணத்துக்கே ஒரு கெடு வெச்சிருக்கார். பொண்ணுக்குப் பரீட்சை முடியுற வரைக்கும் பாப்பார். அதுக்குள்ள குடும்பம் தேறலைன்னா பிரிஞ்சு கிளம்பிடுவார். அந்தம்மாவுக்கு இது தெரியாது'ன்னா. எனக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியுது.

— அவ... அதையுமா சொன்னா?

— பொய்னு சொல்லுங்களேன்.

— அது... அப்ப ஏதோ வெறுப்புல சொன்னது. இப்ப எவ்வளவோ தேவலை. எனக்கே நம்பிக்கை வந்திருக்கு.

— வீட்டைச் சரி பண்ண உக்காந்திருக்கோம்னு நினைச்சேன். நீங்க எனக்குப் பரீட்சை வெச்சு மார்க் போட்டுட்டு இருந்திருக்கீங்க.

— நான் இன்னும் எதுவும் முடிவு பண்ணலம்மா. சத்தியமா!

— தெரியும். அவளே சொன்னா, இன்னும் முடிவாகலைன்னு. அப்புறம் எங்களைக் கேட்டா: 'அந்தம்மா இடத்துல நீங்க இருந்து, இது தெரிஞ்சா, சேந்து இருப்பீங்களா, விட்டுடுவீங்களா? விட்டுடுறவங்க கை தூக்குங்க'ன்னு. அந்த ஹால்ல முதல்ல தூக்கினது என் கைதாங்க.